பூட்டு வீடும் கண்ணாடி வீடும்

'அந்தப் பக்கம்' என்ற சொல்லில் எனக்குப் பன்னிரண்டு வயதுவரை எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. கம்பெனிக்கு அந்தப் பக்கம் விஸ்வநத்தம் போகிற ரோடு. ஊரடங்கு போட்ட வருஷம்தான் அந்தச் சொல் எனக்குப் புரியாமல் போனது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்திருந்தது. தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பார்கள். ஆனால் எந்தச் சின்னத்துக்குப் பின்னால் எந்தக் கட்சி நிற்கிறது என்பது ஊரில் கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்குப் பூட்டு சாவி கிடைத்தது. இன்னொருவருக்கு மூக்குக் கண்ணாடி. பூட்டு ஜெயித்தது. தேர்தல் முடிந்த பிறகும் அந்தப் பெயர்கள் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. பால்காரர்கூட 'பூட்டு வீட்டுக்கு அடுத்த கண்ணாடி வீடு' என்றுதான் அடையாளம் சொல்வார்.

எங்கள் வீடு கண்ணாடி வீடு. அதற்குக் காரணம் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மாமாதான். அம்மாவுக்குத் தம்பி. கல்யாணமாகாதவர். எங்களோடு தங்கி, எங்கள் வீட்டில் சாப்பிட்டு வேலைக்குப் போய்வந்தார். கண்ணாடிச் சின்னத்தில் நின்றவரின் பட்டாசுக் கம்பெனியில்தான் அவருக்கு வேலை. தேர்தல் நேரத்தில் மாமா வேலைக்கே போகாமல் ஊரெல்லாம் சுவர் எழுதினார். முதல் படத்தை எங்கள் வீட்டுச் சுவரில்தான் வரைந்தார். கறுப்பு பிரேம் போட்ட பெரிய மூக்குக் கண்ணாடி, இரண்டு வட்டத்துக்குள்ளும் நீலம். தெருவிலிருந்து பார்த்தால் வீடே கண்ணாடி மாட்டிக்கொண்டு நம்மைப் பார்ப்பது போலிருக்கும். வேறெந்த வீட்டிலும் அவ்வளவு பெரிய படம் இல்லை என்று எனக்கு அதில் பெருமை.

அத்தை வீடு பூட்டு வீடு. அத்தை அப்பாவுக்கு அக்கா. மேலத்தெருவில் இருந்தாள். அத்தையின் வீட்டுக்காரர் ஜெயித்த தலைவரிடம் லோடு வண்டி ஓட்டினார். ஆக, அப்பாவின் அக்கா பூட்டு, அம்மாவின் தம்பி கண்ணாடி. அப்பா யாருக்குப் போட்டார் என்று அம்மா கேட்டதற்கு, "போட்டாச்சு" என்று மட்டும் சொன்னாராம்.

ஊரடங்கு வந்தபோது கம்பெனிகளில் ஆர்டர் குவிந்து சீசன் சூடு பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரே நாளில் எல்லாக் கம்பெனியும் மூடின. அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாரச் சம்பளம் நின்றது. எனக்கும் தம்பிக்கும் முதலில் அது கொண்டாட்டமாகத்தான் இருந்தது. பரீட்சை இல்லை. அப்பா பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தார். அவருடைய விரல்களில் எப்போதும் ஒட்டியிருக்கும் வெள்ளி நிறப் பட்டாசு மருந்துப்பொடி கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவப்பட்டு, உள்ளங்கை வேறு யாருடையதோ போல ஆனது.

ரேஷன் கடையில் அரிசியை இலவசமாகக் கொடுத்தார்கள். அதை வைத்து ஊரே சமாளித்தது. எங்களால் முடியவில்லை. அதுவரை பெரியப்பா குடும்பத்தோடு ஒரே கார்டாக இருந்துவிட்டு அப்போதுதான் பிரிந்திருந்தோம். பழைய கார்டிலிருந்து எங்கள் பெயர்களை எடுத்தாகிவிட்டது. புதிய கார்டு வந்துகொண்டிருப்பதாக அப்பா சொன்னார். பஸ்ஸே ஓடாதபோது அது எதில் வரும் என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனாள். அப்பா ஓடைக்கரையில் போய் முருங்கைக்கீரை ஒடித்துவந்தார். காலையில் கீரை, மத்தியானம் கீரை. தம்பி தட்டைத் தள்ளிவிட்டு அழுவான். அம்மா அவனை அடிக்க மாட்டாள். தட்டை எடுத்து மூடிவைத்துவிட்டு, பசித்தால் வருவான் என்று காத்திருப்பாள். அவன் வருவான்.

அப்படி இருக்கும்போதுதான் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருவுக்குள் வந்தது. சிவகாசி முதலாளி ஒருவர் ஊருக்கு ஒரு லாரி நிறையச் சாமான் அனுப்பியிருக்கிறார், தலைவர் கையால் வழங்கப்படும், பொதுமக்கள் அனைவரும் முகக்கவசம் அணிந்து பள்ளிக்கூடத்துக்கு வரவும் என்று சொல்லிக்கொண்டே போனது. 'அனைவரும்' என்பதை அந்த ஆள் இழுத்து இழுத்துச் சொன்னார்.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். நானும் அம்மாவும் ஒரே வட்டத்துக்குள் நின்றோம். முன்னால் மேசையில் பைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பையிலும் தலைவர் கைகூப்பிச் சிரிக்கிற ஸ்டிக்கர். சிவகாசியிலும் திருத்தங்கலிலும் அத்தனை பிரஸ்ஸும் மூடிக் கிடந்த அந்த நாட்களில் அந்த ஸ்டிக்கர் மட்டும் எங்கே அச்சாகி வந்ததோ தெரியாது. நல்ல பளபளப்பாக, நான்கு கலரில் இருந்தது.

எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் நின்றவர் தலைவருடைய ஆள். அம்மாவைப் பார்த்தார். அடுக்கிலிருந்து பையை எடுக்கப் போன கையை நிறுத்திக்கொண்டார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"நீங்க அந்தப் பக்கம் வாங்கிக்கிடுங்க."

"எந்தப் பக்கம்?" என்றாள் அம்மா.

"அதான், அந்தப் பக்கம். ஒங்களுக்கு அங்கன குடுப்பாக."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கூட்டம் அதிகமாக இருப்பதால் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமும் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். அம்மா மெதுவாக நடப்பாள், நாம் முதலில் போய் வட்டத்தைப் பிடித்துவிடலாம் என்று ஓடினேன். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் சத்துணவுக் கூடம் பூட்டியிருந்தது. அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. சுண்ணாம்பு வட்டம் ஒன்றுகூட இல்லை. நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய், மதிலுக்கு வெளியேயும் எட்டிப் பார்த்தேன்.

திரும்பி ஓடிவந்தபோது அம்மா வரிசைக்கு வெளியே, வட்டம் இல்லாத இடத்தில் நின்றிருந்தாள். கொண்டுபோன கட்டைப்பையை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். நான் மூச்சிரைக்கச் சொன்னேன்.

"யம்மா, அங்கன யாருமே இல்ல. நாய்தான் படுத்திருக்கு."

வரிசையில் நின்ற சிலர் சிரித்தார்கள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சுருங்கியதில் எனக்கு அது தெரிந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்தாள். பிடி கொஞ்சம் வலித்தது.

வீட்டில் மாமா குதித்தார். ஊர்ச் சாமான் என்ன அவனுடைய அப்பன் வீட்டுச் சாமானா என்றார். தன் முதலாளியிடம் சொல்லியிருப்பதாகவும், இரண்டு நாளில் நம்ம பக்கமும் லாரி வரும் என்றும், அப்போது யார் யார் வாயைப் பார்க்கிறார்கள் என்று பார்ப்போம் என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் 'அந்தப் பக்கம்' என்று சொன்னதுதான் மாமாவுக்கு 'நம்ம பக்கம்' என்பது எனக்கு அப்போதுதான் லேசாகப் பிடிபட்டது. ஆனால் அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பது பிடிபடவில்லை. நான் தினமும் தெருமுனையில் நின்று லாரிக்காகக் காத்திருந்தேன். இரண்டு நாள் போனது, இன்னும் பல நாள் போனது. தோற்றவர் வீட்டுக்கு லாரிகள் வழி கேட்டு வருவதில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாமா மட்டும் தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு முதலாளி வீட்டு வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தார்.

ஒருநாள் அப்பா கீரைக்குப் போயிருந்த நேரத்தில் அத்தை கொல்லைப்புறமாக வந்தாள். முந்தானைக்குள் கொஞ்சம் அரிசி வைத்திருந்தாள். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மறுபடியும் பை கொடுக்கப்போகிறார்கள் என்றாள். இந்தத் தடவை பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு பை கூடுதல். ஆனால் பிள்ளையை நேரில் கூட்டிவந்து காட்ட வேண்டும். அத்தையின் மகள் என் வயதுக்காரி. லீவுக்குச் சாத்தூருக்குப் போனவள் ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

"இவளக் கூட்டிட்டுப் போறேன்" என்று அத்தை என்னைக் காட்டினாள். "மாஸ்க் போட்டா எல்லாப் பிள்ளையும் ஒண்ணுபோலத்தான இருக்கு. கூடுதல் பை ஒனக்கு."

அம்மா, அத்தை கொண்டுவந்த அரிசியைக் கையால் அளைந்துகொண்டே இருந்தாள். பிறகு என்னை முன்னால் உட்காரவைத்துத் தலைவாரினாள். எனக்கு எப்போதும் ஒற்றைச் சடைதான். அன்று அத்தை மகள் போடுவதுபோல இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டினாள். கட்டி முடித்து, முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரைக்கும் ஏற்றிவிட்டாள்.

"அங்கன போயி அத்தைன்னு கூப்புட்டுறாத. அம்மான்னு கூப்புடு."

எனக்கு அது நாடகத்தில் வேஷம் போடுவதுபோல இருந்தது. போகும் வழியெல்லாம் பழகிக்கொண்டே போனேன். யம்மா, வெயில் அடிக்குது. யம்மா, மெதுவாப் போ. ஒவ்வொரு தடவையும் அத்தை "என்னத்தா" என்றாள். அதிலேயே வேலை பாதி முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

இந்தத் தடவை தலைவரே நின்று கொடுத்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பக்கத்தில் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். தலைவர் அப்பாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. அதனால் அவருக்கு என்னைத் தெரியாது என்று தைரியமாக இருந்தேன்.

அத்தையைப் பார்த்ததும் தலைவர் சிரித்தார். என்னைப் பார்த்தார். என் சடையைப் பார்த்தார்.

"மகளாக்கா?"

"ஆமா தலைவரே" என்றாள் அத்தை.

"மாஸ்க்க எறக்குத்தா. வீடியோல மூஞ்சி தெரியணும்ல."

அத்தையின் கை என் தோளில் இருந்தது. அது சட்டென்று கனத்தது. வீடியோ எடுக்கும்போது முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பது நியாயம்தானே என்று நான் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினேன். தலைவர் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அன்பாகத்தான் கேட்டார்.

"ஒங்க அம்மா யாரு?"

"இவுகதான்."

"சத்தமாச் சொல்லணும். அங்கன வரைக்கும் கேக்கணும்ல."

"இவுகதான் எங்கம்மா" என்றேன் சத்தமாக.

தலைவர் என் தலையில் கைவைத்துத் தட்டிக்கொடுத்தார். பைகளை அவரே எடுத்து, ஒன்றை அத்தை கையிலும் ஒன்றை என் கையிலும் கொடுத்தார். பை கனமாக இருந்தது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முகத்தைக் காட்டியும் அவர் கண்டுபிடிக்கவில்லையே. அத்தையும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அத்தை வேகவேகமாக நடந்தாள். "யம்மா, ஏன் ஓடுற?" என்று நான் விளையாட்டாகக் கேட்டபோது, "இனிமே அப்படிக் கூப்புட வேண்டாம்" என்றாள். சாமான் கிடைத்த பிறகு அவளுக்கு ஏன் முகம் அப்படிப் போனது என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா அன்று உலை வைத்தாள். வெள்ளைச் சோறு, பருப்பு. அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். "ஒங்க அக்கா குடுத்தாக" என்றாள் அம்மா. அது பொய்யில்லை. அப்பா மேற்கொண்டு கேட்காமல் பிசைந்து சாப்பிட்டார்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மாமா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அம்மாவிடம் போய்ச் செல்போனை நீட்டினார். ஊர்க்காரர்கள் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் வீடியோ வந்திருந்தது. அதற்குள் நான் சின்னதாக, இரட்டைச் சடையோடு நின்றேன். 'இவுகதான் எங்கம்மா' என்றது என் குரல். என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தம்பிக்கு ஒரே சிரிப்பு. இன்னொரு தடவை போடச் சொல்லி மாமாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

மாமா அவனைக் கவனிக்கவில்லை.

"யக்கா, எங்க மொதலாளி என்ன கேட்டாரு தெரியுமா? ஒங்க அக்கா மகளுக்கு ஊருக்குள்ள எத்தன அம்மான்னு கேட்டாரு. அங்கன அத்தன பேரும் கேட்டுக்கிட்டு நின்னாக."

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒக்காரு, சோறு போடுறேன்" என்றாள்.

மாமா நின்றுகொண்டே இருந்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமா இப்போது கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். பையைத் தூக்கித் தெருவில் எறிவார் என்றுகூட நினைத்து, பை இருந்த மூலைக்குப் போய் அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா போட்ட சோறு முழுவதையும் சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவ்வளவு வேகமாக அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சாப்பிட்ட தட்டை ஒருநாளும் எடுக்காதவர், அன்று தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார். பிறகு தன் சட்டைகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு, திருத்தங்கலில் ஒரு சிநேகிதன் ரூமில் தங்கிக்கொள்வதாகச் சொன்னார். வேலை இருக்கிறதாம். எல்லா இடமும் மூடியிருக்கும்போது அங்கே மட்டும் என்ன வேலை என்று கேட்டேன். மாமா என் சடையை லேசாக இழுத்துவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வயிறு நிறையச் சாப்பிட்டவர் கோபமாகப் போக மாட்டார் என்று நினைத்து, சாயங்காலம் வந்துவிடுவார் என்று தம்பியிடம் சொன்னேன். அவர் எங்கள் வீட்டுக்கு மறுபடியும் சாப்பிட வருவதற்கு இரண்டு தீபாவளி ஆனது.

மாமா போன மறுநாள் காலையில் வாசலில் ஒரு வண்டி நின்றது. தலைவர் இறங்கினார். கையில் இன்னொரு பை. என்னைத் தேடித்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வீட்டில் பேசும்போதெல்லாம் அவரை 'அவன்' என்று சொல்லும் அப்பா, எழுந்து நின்று "வாங்க, வாங்க" என்றார். தலைவர் வாசலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சுவர்ப் படத்தைக் காட்டி, "இது இன்னும் இருக்காக்கும்" என்று சிரித்தார்.

"மழை பெய்ஞ்சாப் போயிரும்" என்றார் அப்பா.

தலைவர் பையை அப்பாவின் பக்கத்தில் வைத்தார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னை எப்படியோ பார்த்துவிட்டார். வரச் சொல்லிக் கையைக் காட்டினார். போனேன். தலைவர் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஏம்ப்பா, நம்ம பிள்ளை எதுக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளையா வரணும்? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டனா?"

அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. இவள் யார் பிள்ளை என்று தெரிந்தவர், உன் அம்மா யார் என்று ஏன் கேட்டார்? ஒருவேளை வீட்டுக்குப் போன பிறகு வீடியோவைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாரோ? கண்டுபிடித்திருந்தால் திட்டத்தானே வரவேண்டும், பையோடு ஏன் வந்தார்? ஒரு விஷயம் மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கேட்கவில்லை என்று அவர் சொல்வது தப்பு. அம்மா கேட்டாள். அது அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"நாங்க வந்தோம். அந்தப் பக்கம் போகச் சொன்னாக. நான் போயிப் பாத்தேன், அங்கன யாரும் இல்ல."

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். வெள்ளந்தியான பிள்ளை என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் சிரித்தார், ஆனால் சத்தம் வரவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தலைவர் குடித்துவிட்டு, எல்லாரும் நல்லா இருக்கணும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு ஊரில் எப்போது என்ன கொடுத்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்தது. நாங்கள் போய் நிற்கவே வேண்டியிருக்கவில்லை.

அவர் போன பின் அம்மா அந்தப் பையைப் பிரித்தாள். அரிசியை முறத்தில் கொட்டிப் புடைக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், இல்லை. தலைவரைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நேத்து தலைவரு கேட்டப்ப, அத்தை மூஞ்சியப் பாத்துச் சொன்னியா, அவுக மூஞ்சியப் பாத்துச் சொன்னியா?"

நான் யோசித்தேன். தலைவர் முகம் மிகவும் பக்கத்தில் இருந்ததால் அவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அத்தையை நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

"ரெண்டு பேரையும் பாக்கல. பையத்தான் பாத்தேன்."

அம்மா முறத்திலிருந்த ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"அப்பச் சரி, பைக்குத்தான் சொல்லிருக்க" என்றாள். மறுபடியும் புடைக்கத் தொடங்கினாள்.

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அத்தையைப் பார்த்துச் சொல்லியிருந்தால் தப்பாகியிருக்குமா, தலைவரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் தப்பாகியிருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தம்பி தட்டை எடுத்துக்கொண்டு வந்து, சோறு இன்னும் ஆகவில்லையா என்று கேட்டுக்கொண்டே எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டான்.